யாழ்ப்பாணத்திலிருந்து ஆபிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு: அன்றாட வாழ்வும் நோயும், படிப்படியாக

நானும் கணவரும் உகண்டாவில், லூகண்டா பேசும் ஒரு ஊரில், நான்கு வருடம் ஊழியம் செய்தோம். திரும்பி வந்த பிறகு இங்கிருந்து போகிறவர்கள் வீட்டுக்கு வந்து கேட்பதும், போன இடத்திலிருந்து போனில் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன். உதாரணங்கள் உகண்டாவுடையவை. தன்சானியா, மலாவி, கொங்கோ என்று போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. மூன்று மாதத்துக்கு முன்: உடம்பைப் பார்த்து முடியுங்கள்

விசா வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். விசா வந்தபின் நாட்கள் வழியனுப்புக் கூட்டங்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கரைந்துபோகும்.

முதலில் பல். சொத்தைப் பல்லை இங்கேயே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். கிராமத்தில் இருக்கும்போது பல்வலி வந்தால் நல்ல பல் வைத்தியரிடம் போய்வர இரண்டு நாள் செலவாகும். அடுத்தது கண்ணாடி. இரண்டு சோடி எடுங்கள்.

பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் மருந்தின் பொதுப் பெயரை டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே நாம் பெட்டியின் நிறத்தைச் சொல்லி வாங்கும் மாத்திரையை அங்கே யாரும் கண்டிருக்க மாட்டார்கள். "மெட்ஃபோர்மின் 500" என்று எழுதியிருந்தால் எந்தப் பாமசியிலும் விளங்கும்.

ஏற்பு ஊசி, ஹெபடைடிஸ், தைபொயிட் ஊசிகளைப் பற்றியும் இப்போதே கேளுங்கள். சிலவற்றை இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை போட வேண்டும். கடைசி வாரத்தில் அது நடக்காது.

2. மஞ்சள் காய்ச்சல் ஊசி: பத்து நாள் கணக்கு

இது செங்கமாரி ஊசி அல்ல. இரண்டையும் குழப்பி, ஹெபடைடிஸ் பி ஊசி அட்டையோடு விமான நிலையம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் நுளம்பால் பரவும் வேறொரு வைரஸ் நோய். உகண்டாவுக்குள் நுழைய அதற்கான சான்றிதழ் வேண்டும். அந்த நாட்டிலிருந்து இலங்கைக்குத் திரும்பும்போதும் அதே அட்டையைக் கேட்பார்கள்.

ஊசியைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். கடவுச்சீட்டோடு கொழும்புக்குப் போக வேண்டும். எந்த நாட்களில் போடுகிறார்கள் என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டு இரவு பஸ் ஏறுங்கள்.

சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க அவ்வளவு நாள் எடுக்கும். புதன்கிழமை ஊசி, ஞாயிற்றுக்கிழமை பிளைட் என்றால் சட்டப்படி நீங்கள் ஊசி போடாதவர்தான். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலையிலிருந்து சர்வதேச விதி அப்படித்தான். பழைய அட்டையில் பத்து வருடம் என்று எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம்.

அறுபது வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாதவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்த ஊசி இது.

3. மலேரியா மாத்திரை: இங்கேயே தொடங்க வேண்டும்

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதனால் இன்று முப்பது வயதுக்குள் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு மலேரியா என்றால் என்னவென்றே தெரியாது. வயதானவர்களோ, "எனக்கு இடம்பெயர்வு நேரம் வன்னியில் வந்தது, உடம்புக்குப் பழக்கம்" என்பார்கள். அந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது. அன்று இங்கே அதிகம் வந்தது வைவக்ஸ் வகை. ஆபிரிக்காவில் பெரும்பாலும் ஃபல்சிபாரம், ஆளைக் கொல்லும் வகை.

மலேரியா தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே போங்கள். எந்த நாடு, எத்தனை மாதம், என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மாத்திரையைத் தீர்மானிப்பார்கள்.

மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று. போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு வரும். வந்தால் இங்கேயே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். வலிப்பு, மனநோய் இருந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்கு இது கூடாது. டொக்சிசைக்ளின் தினமும் ஒன்று. ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக் குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் எரியும். இரண்டையுமே திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும்.

மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லும் நல்ல மனிதர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களை மதிக்கிறேன், ஆனால் இந்த விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். நீங்கள் மயங்கி விழுந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது நீங்கள் பணிசெய்யப் போன அந்த ஏழைச் சனங்கள்தான்.

4. பெட்டிக்குள் வைக்க வேண்டியவை

மிளகாய்த்தூளுக்கு இடம் விடுங்கள், அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வருத்தத்தில் வாய் கசக்கும்போது ஒரு கரண்டி ரசப்பொடி மருந்துக்குச் சமம். ஆனால் முதலில் இவை உள்ளே போகட்டும்: மருந்தூட்டிய நுளம்பு வலை, டிஜிட்டல் வெப்பமானி இரண்டு, பனடோல், ஜீவனி பக்கற்றுகள் (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்), நுளம்புக்குப் பூசும் களிம்பு, மூடிய சப்பாத்து, பெரிய ஊசி ஒன்று, டெட்டோல்.

இரத்த வகை, ஒவ்வாத மருந்து, எடுக்கும் மருந்துகள், இங்கேயும் அங்கேயும் அழைக்க வேண்டிய இலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள். காப்புறுதி எடுக்கும்போது, நோயாளியை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று கேட்டு எடுங்கள்.

5. போய் இறங்கிய முதல் வாரம்: காய்ச்சலுக்கு முன்பே ஆஸ்பத்திரியைத் தேடுங்கள்

எல்லோரும் முதலில் சபையைப் பார்க்கிறார்கள், பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் ஆய்வுகூடத்தைப் பார்க்கச் சொல்வேன். நடுச்சாமத்தில் 39 பாகைக் காய்ச்சலோடு வழி கேட்டு அலைய முடியாது.

உகண்டாவில் அரச சுகாதார நிலையங்களுக்கு இலக்கம் உண்டு. ஹெல்த் சென்ரர் இரண்டு என்றால் வெளிநோயாளர் மட்டும். மூன்றில் ஆய்வுகூடமும் பிரசவ அறையும் இருக்க வேண்டும். நான்கில் டொக்டரும் சத்திரசிகிச்சைக் கூடமும் இருக்க வேண்டும். உங்களுக்குக் கிட்டிய மூன்று எங்கே, நான்கு எங்கே, நாளத்தில் மருந்து ஏற்றக்கூடிய பெரிய மிஷன் ஆஸ்பத்திரி எங்கே என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுகூடம் திறக்குமா, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

இரவில் வரக்கூடிய கார்க்காரர் ஒருவரின் இலக்கத்தை வாங்கி வையுங்கள். பொடா பொடா எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சியில் இரவில் ஏறாதீர்கள். பகலிலும் ஹெல்மெட் இல்லாமல் வேண்டாம்.

ஆஸ்பத்திரிப் பணத்தை ஒரு கடித உறையில் தனியாக வைத்துவிடுங்கள், ஊழியக் கணக்கோடு கலக்காதீர்கள். கலந்தால், "இந்த மாதம் காசில்லை, இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்ற எண்ணம் வரும்.

ஒரு துணையையும் நியமியுங்கள். கணவன், மனைவி, உடன் ஊழியர், பக்கத்து வீட்டு அம்மா, யாராகவும் இருக்கலாம். "எனக்குக் காய்ச்சல் என்றால் நான் வேண்டாம் என்றாலும் நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்" என்று நல்ல சுகத்தோடு இருக்கும்போதே சொல்லி வையுங்கள். மலேரியா மூளையைத் தொட்டால் நோயாளியின் தீர்மானத்தை நம்ப முடியாது.

வருத்தம் சொல்லும் சொற்கள் சிலவற்றையும் இந்த வாரமே பழகுங்கள். ஒமுசூஜா என்றால் காய்ச்சல். ஒமுத்வே குன்னுமா என்றால் தலை இடிக்கிறது. மணிக்கணக்கு இன்னும் முக்கியம். அங்கே நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். சாவா பிரி, அதாவது இரண்டு மணி, என்று தாதி சொன்னால் அது எங்கள் எட்டு மணி. மாத்திரை எடுக்கும் நேரத்தில் இதைப் பிழையாக விளங்கினால் ஆறு மணித்தியாலம் பிந்திவிடும்.

6. தண்ணீரும் சாப்பாடும்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாகக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம். தண்ணீர் நன்றாகக் கொதித்து, குமிழி பொங்கி, ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சூடானால் போதாது. ஆறிய தண்ணீரை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து ஊற்றிக் குடியுங்கள். கோப்பையை உள்ளே விட்டு அள்ளினால் கொதிக்க வைத்ததில் பிரயோசனம் இல்லை. பல் தீட்டவும் இதே தண்ணீர்தான்.

வீடுகளில் தரும் சாப்பாட்டை மறுக்காதீர்கள். மறுத்தால் மனம் நோகும். மட்டோக்கே என்ற அவித்த வாழைக்காய், போஷோ என்ற சோளமாக் களி, அவரைக் கறி, நிலக்கடலைக் குழம்பு எல்லாம் அடுப்பிலிருந்து சூடாக வருபவை, பயமில்லை. பச்சைச் சலாட்டும், பச்சைத் தண்ணீர் கலந்த ஜூஸும்தான் ஆபத்து. "வயிறு சரியில்லை, தேத்தண்ணி தாருங்கள்" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வயிற்றோட்டம் என்றால் முதல் வேலை ஜீவனி. முடிந்துபோனால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்து போடுங்கள். இரத்தம் போனாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

7. உடுப்பு, கால், ஏரி

அங்கே மாங்கோ ஃப்ளை என்று சொல்லும் ஈ ஒன்று, வெளியே காயும் ஈர உடுப்பில் முட்டையிடும். உடுத்தியதும் புழு தோலுக்குள் புகுந்து, கட்டுப் போல வீங்கும். எனக்கு முதல் மாதமே இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில் வந்தது. கட்டென்று நினைத்து மஞ்சள் அரைத்துப் பூசினேன். மூன்றாம் நாள் உள்ளே ஏதோ அசைவது போலிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்து, வாஸ்லினை தடிப்பாக அப்பிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். காற்றில்லாமல் புழு தலையை நீட்டியதும் இரண்டு பெருவிரலாலும் இரு பக்கமும் அமுக்கி எடுத்தார். அரிசி மணியிலும் பெரிய வெள்ளைப் புழு.

அதனால் எல்லா உடுப்பையும் இரண்டு பக்கமும் அயன் பண்ணுங்கள். உள்ளாடை, நாடா, தையல் மடிப்பு, துவாய், குழந்தையின் துணி எதையும் விடாதீர்கள். சூட்டில் முட்டை செத்துவிடும். கரண்ட் இல்லாவிட்டால் கரி அயன் பெட்டி வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் வீட்டுக்குள் வலைக்குப் பின்னால் காயவிடுங்கள்.

வெறுங்காலோடு மண் நிலத்தில் நடக்காதீர்கள். மணலில் இருக்கும் ஒருவகைத் தெள்ளு கால்விரலுக்குள் புகுந்து முட்டையால் வீங்கும். கறுப்புப் புள்ளியோடு கடி தெரிந்தால், சுத்தமான ஊசியால் முழுதாகக் கிண்டி எடுத்து மருந்து போட வேண்டும். இதில் ஊர்ச் சனங்கள் கைதேர்ந்தவர்கள், அவர்களிடம் கேளுங்கள். உங்கள் ஊசியையே கொடுங்கள்.

ஏரியைப் பற்றி ஊழியக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நன்னீர் நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா என்ற புழு விக்டோரியா ஏரியில் இருக்கிறது. தண்ணீரில் நிற்கும்போதே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கேணியிலும் கடலிலும் குளித்து வளர்ந்த எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஞானஸ்நானத்துக்காக இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் நின்ற போதகர்களுக்கு வந்திருக்கிறது. முடிந்தால் தொட்டி கட்டிச் செய்யுங்கள். ஏரியில்தான் என்றால் பிறகு உடம்பை உரத்துத் துடையுங்கள், இரண்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதியுங்கள். பிராசிகுவான்டல் மாத்திரையால் மாறும். கவனிக்காமல் விட்டால் ஈரலையும் சிறுநீர்ப்பையையும் கெடுக்கும்.

8. காய்ச்சல் வந்தால்: அன்றைக்கே இரத்தம்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்கு நாம் பழகிய முறை: பனடோல் போடுவது, தண்ணீர் குடிப்பது, மூன்றாம் நாள் இரத்தம் எடுத்து பிளேட்லெட் பார்ப்பது. டெங்குவுக்கு அது சரி. ஃபல்சிபாரம் மலேரியாவில் மூன்றாம் நாள் என்பது பிந்திய நாள். முதற்காய்ச்சலிலிருந்து ஓரிரு நாளுக்குள்ளேயே மூளை, சிறுநீரகம் வரை போகலாம்.

தென்மராட்சித் தம்பி ஒருவர் ஆறு மாதம் எங்களோடு உதவிக்கு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் காய்ச்சல். "அக்கா, டெங்கு மாதிரித்தான் இருக்கு, மூன்று நாள் பார்ப்பம்" என்றார். நானும் சரி என்றேன். ஞாயிறு காலை ஆராதனைக்கு வெளிக்கிட்டு நின்றார். சேட்டின் மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் போட்டார். கழற்றினார், மறுபடி அதே துளையில் போட்டார். மூன்றாம் தடவையும் அப்படியே. பிறகு என்னைப் பார்த்து, "அம்மா சாவகச்சேரிச் சந்தைக்குப் போயிட்டாவோ?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. காரில் ஒன்றரை மணித்தியாலம். ஆர்டிசுனேட் ஊசி நாளத்தில் ஏற்றினார்கள். பிழைத்தார். வெள்ளிக்கிழமை இரவே நான் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

ஆகவே ஒழுங்கு இதுதான்.

வெப்பமானியில் பார்த்து, நேரத்தோடு எழுதுங்கள். 38 தாண்டினால், அல்லது குளிர் நடுங்கினால், அன்றே ஆய்வுகூடம். நாட்டுக்குள் வந்து முதல் ஏழு நாளுக்குள் என்றால் பெரும்பாலும் மலேரியா அல்ல, ஒட்டுண்ணி ஈரலில் வளர்ந்து இரத்தத்துக்கு வர அவ்வளவு நாளாகும். அதற்குப் பிறகு வரும் எந்தக் காய்ச்சலும் மலேரியாதான், இல்லையென்று காட்டும் வரை.

பரிசோதனை இரண்டு வகை. விரலில் குத்திப் பட்டியில் இடும் விரைவுப் பரிசோதனை கால் மணித்தியாலத்தில் முடிவு தரும். மற்றது கண்ணாடித் துண்டில் இரத்தம் தடவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. முதல் முடிவு இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாமல் இருந்தால், அடுத்த நாள் மறுபடி பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் முதல் முறை அகப்படாது. ஏற்கெனவே மலேரியா வந்து மாறியவர்களுக்கு விரைவுப் பரிசோதனை சில வாரங்களுக்குப் பொய்யாக ஆம் என்று காட்டலாம், அவர்கள் கண்ணாடித் துண்டையே கேளுங்கள்.

தடுப்பு மாத்திரை போடுகிறேன், எனக்கு வராது என்று இருக்காதீர்கள். மாத்திரை குறைக்கும், முற்றாகத் தடுக்காது.

மலேரியா என்றால் வழக்கமாகக் கொடுப்பது கோஆர்ட்டம். வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு நான்கு மாத்திரை, மூன்று நாளில் ஆறு தடவை. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் எட்டு மணித்தியாலம், பிறகு காலையும் இரவும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் மருந்து இரத்தத்தில் சேரும். பசியே இல்லாவிட்டாலும் ஒரு கப் பால், அல்லது நிலக்கடலைக் குழம்பு இரண்டு கரண்டி. ஒரு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் அந்தத் தடவையை மறுபடி எடுக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டு உற்சாகம் வரும். அப்போது நிறுத்திவிடுகிறார்கள், மிச்ச மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். இருபத்து நான்கு மாத்திரையும் முடிய வேண்டும்.

பேச்சுக் குழம்புவது, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை, ஓயாத சத்தி, வலிப்பு, மூச்சு வாங்குவது, கண் மஞ்சள், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுப்பது, எழுந்து நிற்க முடியாமை: ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு வீட்டில் இருக்காதீர்கள். மிஷன் ஆஸ்பத்திரி, உடனே.

கூட வேலை செய்யும் ஊர்க்காரர் மலேரியாவோடு தோட்டத்துக்குப் போவதைப் பார்ப்பீர்கள். சின்ன வயதிலிருந்து பலமுறை வந்து அவர்கள் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது. அவர்களைப் பார்த்து நீங்களும் எழுந்து நடக்காதீர்கள்.

9. மாறிய பிறகு

இரண்டு வாரம் உடம்பு வெறுமையாக இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும், பிரசங்கம் நடுவில் நிற்கும். படுத்துக் கிடப்பது ஊழியத்தை ஏமாற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கஞ்சியும் நித்திரையும் இந்த இரண்டு வாரத்தின் வேலை.

வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்காதீர்கள். "அம்மா பயப்படுவா" என்று நாமும் மறைத்தோம், பிறகு யாரோ மூலம் தெரிந்து இரண்டு மடங்கு பயந்தார்கள். அனுப்பிய சபைக்கும் ஜெபக் கடிதத்தில் நேராக எழுதுங்கள். சுகமாயிருக்கிறோம் என்று மட்டும் எழுதினால், அடுத்துப் போகிறவர் ஆயத்தமில்லாமல் போவார்.

மாலைக் கூட்டங்களையும் யோசியுங்கள். மலேரியா நுளம்பு கடிப்பது பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரை. வெளிச்சமில்லாத முற்றத்தில் ஏழு மணி முதல் பத்து மணி வரை ஜெபக்கூட்டம் என்றால், நீளப் பாவாடைக்குக் கீழே கணுக்காலில்தான் கடிக்கும். காலுறை போடுங்கள், களிம்பு பூசுங்கள். வந்து படுக்கும்போது வலையை மெத்தைக்குக் கீழ் நான்கு பக்கமும் செருகுங்கள், தொங்கவிட்டால் போதாது.

10. திரும்பி வந்தபின் ஒரு வருடம்

கட்டுநாயக்காவில் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நான் கண்டதில் அதிகமான பிழை. ஈரலில் ஒளிந்திருந்து பிறகு வெளியே வரும் ஒட்டுண்ணியைக் கொல்லத்தான் அந்த நான்கு வாரம்.

வந்த வாரமே மலேரியா தடை இயக்கத்துக்குச் சொல்லி இரத்தம் கொடுங்கள். இது உங்களுக்காக மட்டுமல்ல. நகர்ப்புறத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி என்ற நுளம்பு 2016இல் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். உங்கள் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தால் அதை அயலவருக்குக் கொண்டுபோக ஆள் இங்கே தயாராக இருக்கிறது.

ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் டொக்டரிடம் சொல்லும் முதல் வசனம் "நான் உகண்டாவிலிருந்து வந்தேன்" என்பதாக இருக்கட்டும். காய்ச்சல், தலையிடி என்று தொடங்கினால் டெங்கு வாட்டில்தான் போடுவார்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும், அதனால் அறிக்கையும் டெங்கு போலவே இருக்கும். இன்றைய இளம் டொக்டர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதேயில்லை, அது அவர்கள் பிழையல்ல. மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

நீங்கள் கதைக்க முடியாத நிலையிலும் தெரிய வேண்டும் என்பதற்காக, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் நாட்டின் பெயரையும் திரும்பிய திகதியையும் எழுதுங்கள். அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.